கண்ணுக்கு ஒரு படம், இயந்திரத்துக்கு ஒரு படம்

கேமரா சென்சாரிலிருந்து வெளிவரும் கச்சாப் படத்தை முதன்முதலாகப் பார்ப்பவர், சென்சாரில் ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பார். படம் இருண்டிருக்கும், முழுவதும் பச்சை படிந்திருக்கும், நான்கு மூலைகளும் நடுப்பகுதியைவிட மங்கியிருக்கும், பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும். இந்தக் கச்சாப் படத்துக்கும் கைபேசித் திரையில் நாம் பார்க்கும் படத்துக்கும் இடையில் நடக்கும் வேலையைத் துறைக்குள் ஐஎஸ்பி (இமேஜ் சிக்னல் பிராசஸிங்) என்போம். பெங்களூரில் முதலில் கைபேசிக் கேமராக்களுக்கும் பிறகு வாகனக் கேமராக்களுக்குமாக நான் செய்துவருவது இந்த வேலைதான். முன்னது மனிதக் கண்ணுக்காகப் படம் தயாரிப்பது. பின்னது எதிரே வருவது லாரியா, மாடா, குழந்தையா என்று கண்டறிய வேண்டிய கணினிப் பார்வை நிரல்களுக்காகத் தயாரிப்பது. ஒரே சிப்பில், ஒரே வரிசையில் நடப்பதால் இரண்டும் ஒரே வேலை என்ற எண்ணம் இத்துறையில் இன்னமும் வலுவாக இருக்கிறது. என் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை.

சிலிக்கானுக்கு நிறம் தெரியாது. விழுந்த ஒளியின் அளவு மட்டுமே தெரியும். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில் ஒவ்வொரு நான்கு பிக்சலுக்கும் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்று வடிகட்டிகள் போடப்பட்டிருக்கும். இன்றும் பெரும்பாலான கேமராக்கள் அந்த ஏற்பாட்டையோ அதன் வழிவந்த ஒன்றையோதான் பயன்படுத்துகின்றன. பச்சைக்குப் பாதி இடம் ஒதுக்கப்பட்டதற்குக் காரணம், மனிதக் கண் நுணுக்கமான விவரங்களைப் பச்சையை ஒட்டிய ஒளியில்தான் அதிகம் உணர்கிறது என்பது. ஆக, செயலாக்கம் தொடங்கும் முன்பே, சென்சாரின் முகப்பிலேயே மனிதக் கண்ணுக்குச் சாதகமான ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. 12 மெகாபிக்சல் வண்ணப் படத்தில் 3.6 கோடி எண்கள் இருக்கும். அவற்றில் சென்சார் அளந்தவை 1.2 கோடிதான். மீதி 2.4 கோடியும் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து நாங்கள் ஊகித்தவை. நெருக்கமான கோடு போட்ட சட்டை படத்தில் சில சமயம் வானவில் நிறங்களில் நெளிவது இந்த ஊகம் தவறும் இடங்களில்தான்.

மற்ற படிகள் புதியவர்களுக்குக்கூட ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்: கருமை அளவைக் கழித்தல், செத்த பிக்சல்களைச் சரிசெய்தல், லென்ஸ் மூலைகளில் குறைந்துபோன ஒளியை ஈடுகட்டுதல், ஒயிட் பேலன்ஸ் (எந்த ஒளியிலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்டுதல்), நிறத் திருத்தம், இரைச்சல் (படத்தில் புள்ளிப்புள்ளியாகத் தெரியும் ஏற்ற இறக்கம்) நீக்கம், கூர்மையேற்றல், காமா (இருண்ட பகுதிகளைத் தூக்கிக் காட்டும் வளைவு). ஒவ்வொன்றும் அடுத்ததைப் பாதிக்கும் என்பதால் வரிசையை மாற்றினால் படமே மாறிவிடும்.

கைபேசிப் பிரிவில் இருந்த காலத்தில் எங்கள் நேரத்தின் பெரும்பகுதி லைட் பூத்தின் முன்னால்தான் கழிந்தது. பகல் வெளிச்சத்துக்கு 6500 கெல்வின், குண்டு பல்புக்கு 2856 கெல்வின் என்று ஒளியை மாற்றி மாற்றி, 24 வண்ணக் கட்டங்கள் கொண்ட அட்டையைப் படமெடுப்போம். அறைச் சுவர்கள் சாம்பல் நிறம். உள்ளே போகிறவர்களும் அடர்நிற உடையில் வர வேண்டும். பளிச்சென்ற சிவப்புச் சட்டையோடு யாராவது வந்துவிட்டால் அதன் பிரதிபலிப்பு அட்டையில் விழுந்து அளவைக் கெடுத்துவிடும். இத்தனை கவனத்தோடு அளந்து, ஒவ்வொரு கட்டத்தின் நிறப் பிழையையும் குறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், வாடிக்கையாளரிடமிருந்து வரும் கருத்து பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: நிறமெல்லாம் சரி, முகம் மட்டும் இன்னும் கொஞ்சம் வெளுப்பாக வேண்டும். அந்த அட்டையின் முதல் இரண்டு கட்டங்களும் தோல் நிறங்கள், அவற்றில் முதலாவது கருந்தோல் நிறம் என்பதை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் பலன் இருந்ததில்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை என்றாலும், அந்தத் துறையில் தீர்ப்புச் சொல்வது கண்தான், அளவுகோல் அல்ல என்பதை ஏற்றுக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டியிருந்தது.

வாகனக் கேமராவுக்கு வந்தபோது, முகம் வெளுக்கும் தொல்லை ஒழிந்தது என்ற நிம்மதியோடுதான் வந்தேன். படத்தைப் பார்க்கப்போவது நிரல். அதற்கு ரசனை கிடையாது. ஆனால் எங்கள் கைக்கு வந்த ஐஎஸ்பியின் ஒவ்வொரு படியிலும் மனிதனின் ரசனை ஊறிப்போயிருந்தது. அதைக் கண்டுகொள்வதற்கே நாளாயிற்று.

இரவில் சிவப்பு சிக்னலை நிரல் மஞ்சள் என்று சொல்கிறது என்பது கணினிப் பார்வைக் குழுவினர் எங்களிடம் கொண்டுவந்த புகார்களில் ஒன்று. அவர்கள் இரவுப் படங்களைக் கூடுதலாகச் சேர்த்து மறுபடி பயிற்றுவித்துப் பார்த்தும் சரியாகவில்லை. கச்சாப் படத்தைத் திறந்து, விளக்கு இருந்த இடத்தின் பிக்சல்களை எண்களாகப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. 12 பிட் அளவில் ஒரு பிக்சலின் உச்ச மதிப்பு 4095. விளக்கின் நடுவில் இருந்த சிவப்புப் பிக்சல்கள் அத்தனையும் 4095-இல் முட்டி நின்றன. பச்சை வடிகட்டி சிவப்பு ஒளியை முழுவதுமாகத் தடுத்துவிடுவதில்லை. ஒரு சிறு பங்கு கசியத்தான் செய்யும். சிவப்பு மேலே போக வழியில்லாமல் நின்ற பிறகும், வெளிச்சம் கூடக் கூடப் பச்சையின் மதிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. சிவப்போடு பச்சை சேர்ந்தால் திரையில் அது மஞ்சள். விளக்கின் நடுப்பகுதி மஞ்சளாகவும், ஒளி குறைந்த விளிம்பில் மட்டும் மெல்லிய சிவப்பு வளையமாகவும் பதிவாகியிருந்த படத்தை நிரல் உள்ளபடியே படித்திருந்தது. நிரம்பி வழிந்த குடத்தைப் பார்த்து அதில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பின்னால் எத்தனை அடுக்கு நரம்பு வலைப்பின்னல் வைத்தாலும் அந்தத் தகவல் திரும்பாது.

எங்கள் சென்சார் ஒரே காட்சியை நீண்ட எக்ஸ்போஷரிலும் (ஒளிக்குத் திறந்திருக்கும் நேரம்) குறுகிய எக்ஸ்போஷரிலும் எடுத்து இணைக்கும் வகையைச் சேர்ந்தது. 120 டெசிபல், அதாவது பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற ஒளி வேறுபாட்டைத் தாங்கக்கூடியது. நீண்டதில் முட்டி நின்றாலும், குறுகிய எக்ஸ்போஷரில் சிவப்பு பத்திரமாகவே இருந்தது. இருந்தும் இறுதிப் படத்தில் விளக்கு வெளிறியே தெரிந்தது. தேடிப்போனால், மிகப் பிரகாசமான இடங்களில் நிறத்தைக் குறைத்து வெண்மையை நோக்கித் தள்ளும் ஒரு படி இடையில் இருந்தது. சூரியனைச் சுற்றியும் திருமண மண்டப விளக்குகளைச் சுற்றியும் அசிங்கமான வண்ணத் திட்டுகள் தெரியாமலிருக்கக் கைபேசி உலகம் கண்டுபிடித்த நல்ல உபாயம் அது. நான் முன்பிருந்த பிரிவில் நாங்களே அதை ஆசையாகச் செதுக்கியிருக்கிறோம். சாலையில், நிறத்தை வைத்தே நிற்பதா போவதா என்று முடிவு செய்ய வேண்டிய ஒரே பொருளின் நிறத்தை அது அழித்துக்கொண்டிருந்தது. அந்தப் படியை நிறுத்தினோம். திரையில் படம் முன்னைவிட மோசமாகத் தெரிந்தது, நிரல் சிவப்பைச் சிவப்பு என்றது. பார்வையிட வந்த மேலாளர் ஒருவர், படம் ஏன் இப்படிக் கெட்டுப்போயிருக்கிறது என்று கேட்டது வேறு விஷயம்.

குறுகிய எக்ஸ்போஷரை நம்பினால் இன்னொரு தலைவலி காத்திருக்கும். எல்இடி விளக்குகள் பலவும் தொடர்ந்து எரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. பட்டப்பகலில் எக்ஸ்போஷர் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவாக இருக்கும்போது, விளக்கு அணைந்திருக்கும் கணத்தில் படம் எடுக்கப்பட்டால் எரிகிற சிக்னல் அணைந்த சிக்னலாகப் பதிவாகும். விநாடிக்கு 90 முறை துடிக்கும் விளக்கைத் தவறவிடாமலிருக்க ஏறத்தாழ 11 மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும்; பகலில் அவ்வளவு நேரம் திறந்தால் படம் முழுவதும் வெளுத்துவிடும். இதற்காகவே ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் ஒளியுணர்வு குறைந்த சிறு பகுதியொன்றைத் தனியாக வைத்து, அதை மட்டும் நீண்ட நேரம் திறந்துவைக்கும் சென்சார்கள் வந்திருக்கின்றன. மென்பொருளால் தீராததை வன்பொருளில் தீர்த்தார்கள். மின்சாரத்தின் அதிர்வெண் சார்ந்த மினுமினுப்பு வேறு கதை. 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்காக அமைத்த கேமராவை 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நம் ஊர்ச் சுரங்கப்பாதைக்குள் கொண்டுபோனால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். எக்ஸ்போஷரை 10 மில்லி விநாடியின் மடங்காக வைத்தால் தீர்ந்தது.

இரைச்சலைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் ஆய்வகத்துக்கும் இடையிலான தூரம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது அதில்தான். ஒளி துகள்துகளாக வருவதால், சென்சார் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஒரு குறைந்தபட்ச இரைச்சல் இருந்தே தீரும். சராசரியாக 10,000 ஃபோட்டான் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 100, அதாவது ஒரு சதவீதம்; 100 ஃபோட்டான் மட்டுமே விழும் இருட்டில் அது 10, அதாவது பத்து சதவீதம். ஆகவே இரைச்சல் படம் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும். ஆனால் நெடுங்காலம் இத்துறையின் கட்டுரைகள், சுத்தமான படத்தின் மீது எங்கும் ஒரே அளவான காஸியன் இரைச்சலைத் தூவி, அதை நீக்கிக் காட்டி, ஒருவரையொருவர் தசமப் புள்ளிகளில் முந்திக்கொண்டிருந்தன. 2017-இல் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிளோட்ஸ், ரோத் இருவரும் உண்மையான கேமராப் படங்களைக் கொண்டு இந்த முறைகளைச் சோதித்தபோது, 2007-இல் வந்த பழைய பிஎம்3டி முறை, அதன் பிறகு அதை வென்றுவிட்டதாகச் சொல்லப்பட்ட முறைகள் பலவற்றைவிட நன்றாகச் செயல்பட்டது. எங்கள் ஆய்வகத்தில் அந்தக் கட்டுரையைப் படித்து யாரும் ஆச்சரியப்படவில்லை. புதிய கட்டுரையைப் பதிவிறக்கி எங்கள் சென்சாரின் படத்தைக் கொடுத்தால் முகம் மெழுகுப் பூச்சாக வெளிவருவதை ஏற்கெனவே பார்த்திருந்தோம்.

அதன் பிறகு எங்கள் ஒழுங்கு மாறியது. எந்த முறையைக் கையில் எடுப்பதற்கு முன்பும் சென்சாரின் இரைச்சலை அளப்போம்: சீரான ஒளியுள்ள பரப்பை ஒவ்வொரு வெளிச்ச அளவிலும் திரும்பத் திரும்பப் படமெடுத்து, சராசரிக்கு எதிராக விலகலின் வர்க்கத்தைக் குறித்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும், அதன் சாய்வும் தொடக்கப் புள்ளியும் அந்தச் சென்சாரைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். மூடியைப் போட்டுவிட்டு எடுத்த இருட்டுப் படங்கள் மீதியைச் சொல்லும். சலிப்பான வேலை; இதற்கெல்லாம் மாநாடுகளில் பரிசு கிடைக்காது. இருந்தாலும், பயிற்சிப் படங்களில் நாங்கள் சேர்க்கும் இரைச்சல் அந்த அளவுகளின்படி அமைந்த பிறகுதான் இரவில் நடந்துபோகும் மனிதர்களை நிரல் தவறவிடுவது குறைந்தது. இன்னொன்றும் கவனித்தோம். இரைச்சல் நீக்கத்தைக் கூட்டினால் படம் பார்க்க மிருதுவாகும், பிழையின் வர்க்கச் சராசரியும் குறையும். தூரத்தில் இருண்ட புடவையில் போகும் பெண்ணின் உருவமும் அதோடு சேர்ந்து பின்னணியில் கரைந்துவிடும். நிரலுக்கு இரைச்சலோடு கொடுத்த படமே மேல்.

அப்படியானால் ஐஎஸ்பியையே தூக்கிவிட்டுக் கச்சாப் படத்தை நிரலுக்குக் கொடுத்தால் என்ன என்று பார்வைக் குழுவின் இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2017-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் படிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்ததில், பார்வை நிரல்கள் பலவற்றுக்கும் உண்மையிலேயே அவசியப்பட்டவை நிற இடைநிரப்பலும் (பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகிக்கும் அந்த வேலை) காமாவும் மட்டுமே. காமா தேவைப்படுவது எனக்கு இயல்பாகவே படுகிறது. ஃபோட்டான் இரைச்சல் வெளிச்சத்தின் வர்க்கமூலத்தைப் போல வளர்வதால், கிட்டத்தட்ட வர்க்கமூலம் போன்ற ஒரு வளைவைப் போட்டால் இரைச்சல் இருட்டிலும் வெளிச்சத்திலும் ஏறக்குறைய சமமாகிவிடும். புள்ளியியலாளர் ஆன்ஸ்கம் இதற்கான மாற்றத்தை 1948-இலேயே எழுதிவைத்திருக்கிறார். பழைய குழாய்த் தொலைக்காட்சியின் மின்னியல் காரணத்துக்காக வந்த ஒரு வளைவு இயந்திரத்துக்கும் பொருந்திப்போனது தற்செயல்தான் என்றாலும், நல்ல தற்செயல்.

கச்சாப் படத்தை நேரடியாகக் கொடுப்பதற்கு நடைமுறையில் உள்ள தடைகள் வேறு. பார்வை நிரல்கள் முதலில் கற்பது 2009-இல் வெளிவந்த இமேஜ்நெட் போன்ற இணையப் படத் தொகுப்புகளில். அவை அனைத்தும் எவரோ எங்கோ மனிதக் கண்ணுக்காகச் செதுக்கி, ஜேபெக்கில் சுருக்கிய படங்கள். கண்ணுக்கான படத்தில் கற்ற நிரல் கச்சாப் படத்தைக் கண்டால் திணறும். சொந்தமாகச் சேகரிக்கலாம் என்றால் 8 மெகாபிக்சல் கேமரா, 12 பிட், விநாடிக்கு 30 படம் என்ற கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.3 டெராபைட் ஆகிறது. ஒரு வாகனத்தில் ஒரு கேமரா மட்டும் இருப்பதில்லை. படங்களில் பெட்டி வரைந்து பெயர் குறிப்பவர்களும் மனிதர்கள்தான். அவர்களுக்குப் பச்சை படிந்த இருட்டைக் காட்டி, எங்கே மாடு நிற்கிறது என்று கேட்க முடியாது.

எனவே இப்போது இரண்டு படங்கள் வைத்திருக்கிறோம். ஒரே கச்சாத் தரவிலிருந்து, குறிப்பவர்களுக்கும் ஓட்டுநரின் திரைக்கும் ஒன்று, நிரலுக்கு ஒன்று. இரண்டாவதில் கூர்மையேற்றல் இல்லை, இரைச்சல் நீக்கம் மிகக் குறைவு, பிரகாசமான இடங்களில் நிறக் குறைப்பு அறவே இல்லை. குறித்த பெட்டிகள் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் பிக்சல் பிசகாமல் பொருந்த வேண்டும் என்பதால் லென்ஸ் வளைவுத் திருத்தம் மட்டும் இரண்டுக்கும் பொது. சிப்பில் இரண்டு பாதைக்கும் நினைவகம் போதவில்லை என்ற தகராறு வன்பொருள் குழுவோடு நடந்துகொண்டிருக்கிறது. கொள்முதல் பிரிவு விலை குறைந்த வேறொரு சென்சாருக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறது; அதன் மாதிரிகள் வந்ததும், இரைச்சல் கோட்டை மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டும்.