கையெழுத்து போட்டது யாரு?

தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல ஒரு அரசாங்க டிபார்ட்மெண்ட்ல கிளார்க்கா இருந்துக்கிட்டே ரொம்ப வருஷம் யூனியன் ஷாப் ஸ்டூவர்டாவும், அதாவது கூட வேலை பாக்குறவங்களுக்காகப் பேசுற ஆளாவும் இருந்தேன். சம்பளப் பிரச்சனைன்னாலே எல்லாருக்கும் ஸ்ட்ரைக்தான் ஞாபகம் வரும், 2007 ஜூன்ல நாங்களும் வாரக்கணக்குல தெருவுல நின்னவங்கதான், ஆனா என்கிட்ட வந்ததுல முக்காவாசி ஒரே ஒரு ஆளோட பேஸ்லிப் பத்தினதுதான்.

டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்ல இருந்து ஒரு தங்கச்சி, சம்பள லெவல் 5ல அட்மின் கிளார்க். சூப்பர்வைசர் ரிட்டயர் ஆனதும் அந்த லெவல் 7 வேலைய எட்டு மாசம் இவங்கதான் பாத்தாங்க, லீவ் ஃபார்ம், மாச ரிப்போர்ட், புதுசா வந்தவங்களுக்கு வேலை சொல்லிக் குடுக்குறது எல்லாம். மேல் போஸ்ட் வேலைய தற்காலிகமா பாத்ததுக்கு ஆக்டிங் அலவன்ஸ் கேட்டா ஹெச்.ஆர்.ல "உங்கள எழுத்துல யாரும் அப்பாயிண்ட் பண்ணலையே"ன்னுட்டாங்க. ரூல் அதுதான், போஸ்ட் காலியா இருக்கணும், அதுக்கு பட்ஜெட்ல பணம் இருக்கணும், ஆர்டர் எழுத்துல இருக்கணும்.

சனிக்கிழமை வீட்டுக்கு ஒரு பழைய பிஸ்கெட் டின்ன தூக்கிட்டு வந்தாங்க. எட்டு மாச பேப்பரும் அதுக்குள்ள. நடுவுல துருப்பிடிச்ச பின்னோட ஒரு மெமோ, மேனேஜர் நீல மசில கையால எழுதினது, போஸ்ட் நிரப்புற வரைக்கும் செக்ஷன இவங்க பாத்துக்கணும்னு, கீழ கையெழுத்தும் தேதியும். எனக்கு கையே நடுங்கிருச்சு. ஆனா உடனே கேட்ட கேள்வி, இந்த மேனேஜருக்கு அப்படி எழுத அதிகாரம் இருக்கா? யாருக்கு எந்த அதிகாரம்னு சொல்ற டெலிகேஷன் லிஸ்ட தேடிப் பாத்தா, இருந்துச்சு.

அரசாங்க வேலைக்காரங்க தகராறப் பாக்குற பார்கெய்னிங் கவுன்சில்ல கேஸ் போட 90 நாள்தான் டைம், முடியாதுன்னு லெட்டர் வந்த தேதியில இருந்து எண்ணினா அன்னைக்கு 81. திங்கக்கிழமையே ஃபார்ம் போயிருச்சு.

முதல்ல நடக்குற கன்சிலியேஷன்ல, அதாவது சமரசப் பேச்சுல, கவுன்சில் கமிஷனர் தீர்ப்பு சொல்ல மாட்டாரு, ரெண்டு பக்கத்தையும் பேச வைப்பாரு, அவ்வளவுதான். எதிர்ல டிபார்ட்மெண்ட் சார்பா சின்னப் பையன், அவனும் சம்பளக்காரன்தானே, இவங்களுக்குக் குடுத்தா இன்னும் இருவது பேர் வருவாங்களேன்னு பயம் அவனுக்கு. நான் சத்தம் போடல. "தம்பி, இத ஒரு தடவ வாய்விட்டுப் படி"ன்னு மெமோவ நீட்டினேன். படிச்சான், வெளிய போய் போன் பண்ணான், கால் மணி நேரத்துல திரும்பி வந்தான். செட்டில்மெண்ட்ல பணம் எந்தத் தேதிக்குள்ளன்னு எழுத வச்சேன், இல்லன்னா அரசாங்கச் சம்பளம் போடுற பெர்சல் கம்ப்யூட்டர் சிஸ்டத்துல ஏத்துறதுக்குள்ள வருஷம் ஓடிரும். பாக்கி வந்த பேஸ்லிப்ப எடுத்துட்டு வந்து காட்டி அழுதாங்க.

அப்புறம் 2018 சம்பள ஒப்பந்தம், அரசாங்கமும் யூனியன்களும் மூணு வருஷத்துக்குப் போட்டது. 2020 ஏப்ரல்ல வரவேண்டிய மூணாவது வருஷ உயர்வு வரல. 2022 பிப்ரவரி 28ல கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட் சொல்லிருச்சு, அரசாங்க வேலை விதிகள்ல ரெகுலேஷன் 78, 79 படி பணத்துக்கு ட்ரெஷரி, அதாவது நிதித் துறை, எழுத்துல ஒத்துக்கல, அதனால அந்த ஷரத்து செல்லாதுன்னு. சட்டம் புரியுது, மனசு ஒத்துக்கல. கையெழுத்து போட்டது அரசாங்கம், அதிகாரம் இருக்கான்னு பாத்துட்டுப் போட வேண்டியதும் அவங்கதான், சம்பளம் போனது கிளார்க்குக்கு.

அன்னைக்கு சாயந்திரம் அந்தத் தங்கச்சி போன் பண்ணாங்க. "அண்ணே, நம்ம மெமோவுக்கு நீங்க லிஸ்ட் தேடினீங்களே, இதுக்கு யாருமே தேடலையா?"ன்னு கேட்டாங்க. "ட்ரெஷரி பேப்பர நாங்களும் கேட்டிருக்கணும்மா"ன்னு சொன்னேன்.