பெர்லினில் துருக்கியர் வீடு வாங்கும் இடம்

பெர்லினுக்குப் போகிற யாரும் கிராய்ஸ்பெர்க்கைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கோட்புசர் டோர் நிலையத்தில் இறங்கினால் டோனர் கடை, துருக்கி பேக்கரி, டிராவல்ஸ், நகைக்கடை என்று வரிசையாக இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் பக்கத்திலேயே கால்வாய்க் கரையில் மைபாஹூஃபர் சந்தை கூடும். நாலு படம் எடுத்து, 'குட்டி இஸ்தான்புல்' என்று தலைப்புப் போட்டு முடித்துவிடுவார்கள். சரி, போடட்டும். ஆனால் அந்தச் சந்தையில் சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு கத்திரிக்காயை அமுக்கிப் பார்த்து வாங்குகிறவர்களில் நிறையப் பேர் கிராய்ஸ்பெர்க்கில் குடியிருப்பவர்கள் அல்ல. வாங்கி முடித்ததும் தெற்கே ரயிலேறிப் போய்விடுகிறார்கள். அவர்கள் போகிற இடத்தைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

முன்பு என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி அந்த ரகம். பிறந்தது கிராய்ஸ்பெர்க்கில். இப்போது வீடு வாங்கியிருப்பது ரூடோவில், யு-7 ரயில் தடத்தின் தென்கோடி நிலையம். முதலில் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போய்விட்டு, அப்புறம் அவள் வீடு என்று ஏற்பாடு.

அம்மா இன்னும் கிராய்ஸ்பெர்க்கில், மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றினேன். வீட்டுக்குள் போடத் தனிச் செருப்பு ஒரு ஜோடி கொடுத்தார். அடுப்பில் இரண்டு அடுக்குக் கெட்டில்: கீழே வெந்நீர், மேலே கெட்டி டிகாக்ஷன். இடை சிறுத்த கண்ணாடிக் கிளாஸில் கொஞ்சம் டிகாக்ஷன், மேலே வெந்நீர், பால் இல்லை. கிளாஸ் காலியானால் கேட்காமலே நிரப்பினார். போதும் என்றால் கரண்டியைக் கிளாஸின் மேல் குறுக்கே வைக்க வேண்டுமாம். அதைத் தோழி சொல்வதற்குள் எனக்கு வயிறு நிரம்பிவிட்டது.

மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டது 1961 அக்டோபர் 30-ல். பெர்லின் சுவர் எழுந்து இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. கிழக்கிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் ஒரே ராத்திரியில் நின்றுபோயிருந்தார்கள்; மேற்கு பெர்லின் தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டும். மின்பொருள் கம்பெனிகள் பெண்களையும் கூட்டம் கூட்டமாக எடுத்தன. இந்த அம்மாவும் அப்படித்தான், கல்யாணத்துக்கு முன்பே தனியாக வந்து கம்பெனி விடுதியில் தங்கியவர். 1973-ல் ஆள் எடுப்பதை ஜெர்மனி நிறுத்தியது. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது என்று ஆனதும் குடும்பங்களை இங்கேயே வரவழைத்தார்கள். குடும்பம் வந்தால் வீடு வேண்டுமே?

கிராய்ஸ்பெர்க் அப்போது மூன்று பக்கம் சுவர் சூழ்ந்த மூலை. இடிப்பதற்கென்று ஒதுக்கிய பழைய கட்டடங்கள். நிலக்கரி அடுப்பு, மாடிப்படி நடுவே பொதுக் கழிப்பறை. வசதியுள்ள ஜெர்மானியர்கள் காலி செய்துகொண்டு போன வீடுகள் அவை. துருக்கியருக்கு வாடகைக்குக் கிடைத்தது அதுதான், அதனால் அங்கே சேர்ந்தார்கள். சேர்ந்த பிறகு 'ஏன் ஒரே இடத்தில் குவிகிறார்கள்' என்று கேள்வி வந்தது. 1975-ல் கிராய்ஸ்பெர்க், வெட்டிங், டீர்கார்டன் மூன்றிலும் வெளிநாட்டினர் புதிதாகக் குடியேறத் தடை. பாஸ்போர்ட்டிலேயே முத்திரை குத்தினார்கள். "எங்கே இருக்கலாம் என்று எங்களை யாரும் கேட்டதில்லை. எங்கே இருக்கக் கூடாது என்று மட்டும் சொல்வார்கள்" என்றார் அம்மா, சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தியபடி.

சாயங்காலம் தோழியும் நானும் கிளம்பினோம். கோட்புசர் டோரிலிருந்து ஹெர்மன்பிளாட்ஸ், அங்கே மாறி யு-7. ஹெர்மன்பிளாட்ஸில் துருக்கியும் அரபியும் ஜெர்மனும் ஆங்கிலமும் ஒன்றாகக் காதில் விழும். நொய்கேல்ன் நிலையம் தாண்டியதும் பெட்டியில் உட்கார இடம் கிடைக்கிறது. பிரிட்ஸ் வருகிறது, கட்டடக் கலைஞர் புருனோ டாவுட் 1920-களில் குதிரை லாட வடிவில் கட்டிய குடியிருப்பு இங்கேதான், 2008-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அப்புறம் குரோப்பியஸ்ஸ்டாட் அடுக்குமாடிகள். கடைசியில் ரூடோ. ஹெர்மன்பிளாட்ஸிலிருந்து 12 நிறுத்தம், அவ்வளவுதான். மாவட்டமும் மாறவில்லை, இதுவும் நொய்கேல்ன்தான். ஆனால் மேலே ஏறி வந்தால் ஓட்டுக்கூரை வீடுகள், வெட்டிவிட்ட வேலிச்செடி, ஒழுங்காக நிறுத்திய கார்கள். பெண்களின் பெயரையே தெருக்களுக்கு வைத்த ஒரு புதிய குடியிருப்பும் இந்த ரூடோவில் உண்டு.

தோழியின் வீடு சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. பின்னால் ஒரு துண்டுத் தோட்டம். தக்காளி, மிளகாய், வேலி மேல் திராட்சைக் கொடி. திராட்சை பழத்துக்காக அல்லவாம், இலைக்காக. அதில் சோறு வைத்துச் சுருட்டுவார்கள்.

ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டேன். தோட்டம், அமைதி என்றெல்லாம் ஆரம்பித்தாள். பத்து நிமிடத்தில் விஷயம் வெளியே வந்தது: பள்ளிக்கூடம். பெர்லினில் ஆரம்பப் பள்ளி ஆறு வருடம். எந்தப் பள்ளி என்பதை முதலில் முடிவு செய்வது வீட்டு முகவரி. ஏழாம் வகுப்பில் கிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளிக்குப் போக மதிப்பெண் வேண்டும். வீட்டில் ஜெர்மன் பேசாத பிள்ளைகள் எத்தனை சதவீதம் என்று பள்ளிவாரியாகக் கணக்கும் வெளியாகிறது. பெற்றோர் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். துருக்கிப் பெற்றோரும்தான். பழைய வீட்டுக்குரிய பள்ளியில் அந்தச் சதவீதம் மிக அதிகம். இவள் மகன் சேர வேண்டிய வயதில் வீடு மாறிவிட்டாள். "ஜெர்மன் அம்மா இப்படிச் செய்தால் பிள்ளை மேல் அக்கறை. நான் செய்தால், பாருங்கள், துருக்கியரே துருக்கியரை விட்டு ஓடுகிறார்கள் என்கிறார்கள்" என்றாள்.

எனக்கு அவள் பேச்சு நியாயமாகவே பட்டது. ஓடிப்போனவள் வாராவாரம் காய் வாங்கவும், முடி வெட்டவும், அம்மாவைப் பார்க்கவும் அதே தெருவுக்கு ஏன் வர வேண்டும்? வீடு தேடும்போது அவள் போட்ட நிபந்தனையே யு-7 தடத்தை விட்டு விலகக் கூடாது என்பதுதான். தோட்டம் இன்னும் பெரியதாக, விலை குறைவாக, நகருக்கு வெளியே பிராண்டன்பர்க் பக்கம் கிடைத்ததாம். கணவர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். அங்கே நம் முகத்தோடு தெருவில் நடப்பது யார் என்று கேட்டாராம்.

வெளிநாட்டு முகம் என்று தாக்குவார்களோ என்ற அந்தப் பயம் கற்பனையும் அல்ல, பிராண்டன்பர்க்கோடு நிற்பதும் அல்ல. 2012 ஏப்ரல் 5-ல், 22 வயதான புராக் பெக்டாஷ் பிரிட்ஸில் ரூடோவர் தெருவில் நண்பர்களோடு நின்றிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டான். கொன்றவன் பிடிபடவில்லை. 2018 பிப்ரவரி 1-ன் அதிகாலையில், இதே தென் நொய்கேல்னில், இடதுசாரிக் கட்சியின் ஃபெராட் கோச்சாக்கின் கார் வீட்டை ஒட்டி நின்றபோது கொளுத்தப்பட்டது. பெற்றோர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதே கோச்சாக்கை 2025-ல் நொய்கேல்ன் நேரடியாகத் தேர்ந்தெடுத்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. வேலிச்செடி வெட்டும் பக்கத்து வீட்டுத் தாத்தா நல்லவர்தான், சாவிகூடக் கொடுத்து வைத்திருக்கிறோம் என்றாள் தோழி. ஆனாலும் வாசல் விளக்கை ராத்திரியில் அணைப்பதில்லை.

வாடகைக்கே இருந்திருக்கலாமே என்றதற்குச் சிரித்தாள். துருக்கிப் பெயரில் மெயில் போட்டால் பதிலே வராது, ஜெர்மன் சிநேகிதி பெயரில் போட்டால் அன்றைக்கே கூப்பிடுவார்கள். பாகுபாட்டைத் தடுக்க 2006-லேயே சட்டம் வந்துவிட்டது; வராத பதிலை வைத்து எதை நிரூபிப்பது? "வாங்கப் போனால் வங்கிதான் கேள்வி கேட்கும். வங்கி என் சம்பளச் சீட்டைப் பார்க்கும், பெயரைப் பார்க்காது" என்றாள்.

இதற்குள் கிராய்ஸ்பெர்க்கின் கதை தலைகீழாகிவிட்டது. சுவர் விழுந்ததும் ஓரமாகக் கிடந்த மூலை நகரின் நடுவுக்கு வந்தது, வாடகை ஏறியது. 2015-ல் ராங்கல் தெருவில் 'பிஸிம் பக்கால்' என்ற துருக்கி மளிகைக் கடையைக் காலி செய்யச் சொன்னபோது தெருவே திரண்டு நின்றது, கட்டட உரிமையாளரும் நோட்டீஸைத் திரும்பப் பெற்றார். எல்லாக் கடைக்கும் அப்படிக் கூட்டம் சேராது.

அம்மாவை ரூடோவுக்கே வந்துவிடச் சொல்லித் தோழி பல வருடமாகக் கேட்கிறாள். மூன்று மாடி ஏற முட்டி வலிக்கிறது, ஆனாலும் அவர் அசைவதாக இல்லை. பழைய ஒப்பந்தம், பழைய வாடகை. விட்டால் அடுத்து வருகிறவருக்குப் பல மடங்கு. இந்தச் சண்டையில் பாட்டிக்கு ஒரே ஆதரவு பேரன். இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறான்; ரூடோவில் ராத்திரி எட்டுக்கு மேல் ஒரு டீக்கடைகூட இல்லை என்பது அவன் புகார். பாட்டி வீட்டில் ஓர் அறையைப் பிடித்துவிட்டான். நான் ஊர் திரும்புவதற்குள் அவன் புத்தக அலமாரியும் மூன்றாவது மாடிக்கு ஏறிவிட்டது. தூக்கிக்கொண்டு ஏறியவர்களில் நானும் ஒருவன்.