வோல்டேஜ் பாத்து தானா ஆன் ஆஃப் ஆகுற சர்க்யூட்: ஒரு லெவல் பத்தாது, ரெண்டு வேணும்

12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரில ஒரு லோடு ஓடுது, பேட்டரி ரொம்ப எறங்குறதுக்கு முன்னாடி லோடு தானா கட் ஆகணும், திரும்ப சார்ஜ் ஏறுனதும் தானா ஆன் ஆகணும். கேக்க சின்ன வேலையாத்தான் இருக்கும். ஒரு ஜீனர் (வோல்டேஜ ஒரே அளவுல புடிச்சு வைக்குற டயோடு), ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே (காயில்ல கரண்ட் போனா மூடுற ஸ்விட்ச்) போதும்னுதான் நெறய பேர் ஆரம்பிக்கிறாங்க, போர்டும் வேலை செய்யும், ஆனா கட் ஆகவேண்டிய வோல்டேஜ் கிட்ட வந்ததும் ரிலே டக டக டகன்னு அடிக்க ஆரம்பிச்சிடும்.

காரணம் பேட்டரிக்குள்ள இருக்குற ரெசிஸ்டன்ஸ், அப்புறம் வயர்ல இருக்குற ரெசிஸ்டன்ஸ். 10 ஆம்பியர் ஓடுற லைன்ல மொத்தமா 0.05 ஓம் இருந்தாலே 0.5 வோல்ட் போயிடும். லோடு கட் ஆன அந்த நிமிஷமே அந்த அரை வோல்ட் திரும்பி வந்துடும், 11.5ல கட் பண்ணா உடனே 12 தெரியும், சர்க்யூட்டும் ஆஹா பேட்டரி நல்லாருக்குன்னு மறுபடி ஆன் பண்ணும், ஆன் பண்ணா திரும்ப 11.5, திரும்ப கட். இப்படியே அடிச்சிட்டு இருந்தா ரிலே கான்டாக்ட் தீப்பொறில கருகி கடைசில ஒட்டிக்கும், அப்புறம் கட்டே ஆகாது, எதுக்காக சர்க்யூட் போட்டோமோ அதுவே போச்சு.

அதனால கட் ஆகுறதுக்கு ஒரு வோல்டேஜ், திரும்ப ஆன் ஆகுறதுக்கு அதவிட மேல இன்னொரு வோல்டேஜ்னு ரெண்டு லெவல் வேணும். நடுவுல இருக்குற கேப்தான் ஹிஸ்டெரிசிஸ். எனக்கு இந்த முழு சப்ஜெக்ட்லயும் ரொம்ப புடிச்ச விஷயம் இதுதான். ஓட்டோ ஷ்மிட் 1934ல மாணவரா இருந்தப்ப கணவாய் மீனோட நரம்புல சிக்னல் எப்படி போகுதுன்னு ஆராய்ச்சி பண்ணப்போ வந்த ஐடியா, இன்னைக்கு ஷ்மிட் ட்ரிக்கர்னு நெறய ஐசில உக்காந்திருக்கு. கேப் எவ்ளோ வேணும்னா, லோடு கட் ஆனதும் வோல்டேஜ் எவ்ளோ எழும்புதோ அதவிட பெருசா வேணும். அத அளந்து பாத்துட்டுதான் டிசைன்ல உக்காரணும்.

அடுத்தது ரெஃபரன்ஸ். அளக்குற வோல்டேஜே அளவுகோலா இருக்கக்கூடாது. 555 டைமர் ஐசிய எடுத்துக்கங்க, உள்ள ரெண்டு கம்பாரேட்டரும் (ரெண்டு வோல்டேஜ்ல எது பெருசுன்னு பாக்குறது) ஒரு ஃப்ளிப் ஃப்ளாப்பும் (கடைசி நிலைய ஞாபகம் வச்சுக்குறது) இருக்கு, ரெண்டு லெவலுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கும், ஆனா அதோட லெவல் சப்ளைல மூணுல ஒரு பங்கு, மூணுல ரெண்டு பங்கு. அதே சப்ளைய டிவைடர் (ரெண்டு ரெசிஸ்டர் வச்சு வோல்டேஜ்ல ஒரு பங்க மட்டும் எடுக்குறது) வச்சு அளந்தா பேட்டரி எறங்க எறங்க லெவலும் கூடவே எறங்கும், எப்பவுமே ட்ரிப் ஆகாது. 5ஆம் பின்ல ஜீனர் போட்டு, சப்ளைல இருந்து ஒரு ரெசிஸ்டர் வழியா அதுக்கு கரண்ட் குடுத்து புடிச்சு வச்சாதான் உருப்படும்.

நான் போடுறது எல்எம்393 கம்பாரேட்டரும், ரெஃபரன்ஸுக்கு டிஎல்431 ஐசியும்தான். டிஎல்431 ஒழுங்கா 2.5 வோல்ட் குடுக்க குறைஞ்சது 1 மில்லி ஆம்பியர் வேணும், 12 வோல்ட்ல இருந்து 4.7கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் போட்டா 2 மில்லி ஆம்பியர் கிட்ட வரும். அந்த 2.5ஐ கம்பாரேட்டர் மைனஸ் இன்புட்ல குடுங்க. பேட்டரில இருந்து 39கே, கிரவுண்டுக்கு 10கே, இந்த ரெண்டும் சேருற எடம் பிளஸ் இன்புட். அவுட்புட்ல இருந்து அதே பிளஸ் இன்புட்டுக்கு 470கே. எல்எம்393 அவுட்புட் ஓப்பன் கலெக்டர், தானா மேல போகாது, அதனால பேட்டரி பிளஸ்ல இருந்து 10கே புல்-அப் (அவுட்புட்ட மேல இழுக்குற ரெசிஸ்டர்). கணக்கு போட்டா ஏறும்போது 12.46 கிட்ட ஆன் ஆகும், எறங்கும்போது 11.5 கிட்ட கட் ஆகும். கேப் கூட வேணும்னா 470கே-ய கம்மி பண்ணுங்க, 330கே போட்டா கேப் பெருசாகும், ஆனா அது ரெண்டு லெவலையும் கொஞ்சம் நகத்தும், 39கே-ய திரும்ப அட்ஜஸ்ட் பண்ணனும்.

இங்க ஒண்ணு கவனிக்கணும். அவுட்புட்ட நேரா டிரான்சிஸ்டர் பேஸ்ல குடுத்தா அவுட்புட் 0.7 வோல்ட்லயே நின்னுடும், மேல போட்ட கணக்கு முழுக்க அவுட்புட் பேட்டரி வோல்டேஜ் வரைக்கும் போகும்னு நம்பி போட்டது, அதனால ஹிஸ்டெரிசிஸ் காணாம போயிடும், திரும்ப டக டக. என்-சேனல் மாஸ்ஃபெட் (வோல்டேஜ்ல ஆன் ஆகுற டிரான்சிஸ்டர்) கேட்ல குடுத்தா இந்த தொல்லை இல்ல, கேட் கரண்ட் இழுக்காது. மாஸ்ஃபெட் வச்சு ரிலே ஓட்டுறீங்கன்னா காயில் குறுக்க 1என்4007 டயோடு கண்டிப்பா போடணும்.

டிவைடர் வயர லோடு போற வயர்ல இருந்து எடுக்காதீங்க, நேரா பேட்டரி டெர்மினல்ல இருந்து தனி வயர். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு நொடி வோல்டேஜ் விழும், அதுக்கெல்லாம் கட் ஆகக்கூடாதுன்னா டிவைடர்ல கிரவுண்டுக்கு போட்ட 10கே குறுக்க 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்க, டைம் கான்ஸ்டன்ட் 0.8 செகண்ட் கிட்ட வரும்.

ஏசி பக்கமும் இதே கதைதான், ஆனா அங்க தப்பான முடிவுக்கு வெல ரொம்ப அதிகம். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளைல பின்னாடி 115/230 ஸ்விட்ச் இருக்கும், 115ல வச்சா உள்ள இருக்குற சர்க்யூட் வோல்டேஜ் டபுளரா (வோல்டேஜ ரெண்டு மடங்காக்குறது) மாறும், அதனால ரெண்டு சப்ளைலயும் உள்ள 325 வோல்ட் டிசி கிட்ட வரும். அந்த ஸ்விட்ச்சுக்கு பதிலா இன்புட்ட பாத்து ட்ரையாக் (ஏசிக்கான எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) மாத்துற சர்க்யூட்டும் உண்டு. 230 வர்றப்ப டபுளர் ஆன் ஆயிட்டா 650 வோல்ட், கெப்பாசிட்டர் வெடிச்சிடும். அதனால பவர் வந்ததும் டபுளர் ஆஃப்ல இருக்கணும், வோல்டேஜ் கம்மிதான்னு உறுதியா தெரிஞ்சப்புறம்தான் ஆன் ஆகணும். பேட்டரி சர்க்யூட்லயும் நான் இதையே பண்றேன், மாஸ்ஃபெட் கேட்ல இருந்து கிரவுண்டுக்கு 1எம் (மெகா ஓம்) ரெசிஸ்டர் ஒண்ணு, கேட் வயர் கழண்டு போனாலும் லோடு ஆஃப்லயே இருக்கும்.

டெஸ்ட் பண்ணும்போது பேட்டரிய மாட்டாதீங்க. வேரியபிள் சப்ளைல 13ல ஆரம்பிச்சு மெதுவா எறக்கி எங்க கட் ஆகுதுன்னு பாருங்க, அப்புறம் மெதுவா ஏத்தி எங்க ஆன் ஆகுதுன்னு பாருங்க, ரெண்டு நம்பரையும் போர்டு மேலயே மார்க்கர்ல எழுதிடுங்க. அதுக்கப்புறம் பேட்டரில நிஜ லோடோட ஒரு தடவ முழுசா எறங்க விட்டு, கட் ஆனதும் மீட்டர்ல வோல்டேஜ் எது வரைக்கும் எழும்புதுன்னு ஒரு மணி நேரம் பாருங்க, அது 12.46 கிட்ட போச்சுன்னா கேப் பத்தல, 470கே-ய மாத்தணும்.