6203 பேரிங்கால நின்ன லைன்

கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில பிளானிங் பாக்கறேன். மார்ச் மாசம்னா எங்களுக்கு சீசன், கெணத்துல தண்ணி கீழ போகப் போக ஆர்டர் ஏறும்.

மெட்டீரியல் பிளானிங் கணக்கு ரொம்ப சிம்பிள்ங்க. எத்தனை பம்ப் விக்கும்ங்கறதத்தான் ஊகிக்கணும், அது முடிவாயிட்டா பேரிங் எத்தனை, கெப்பாசிட்டர் எத்தனைன்னு ஊகிக்க வேண்டியதே இல்ல, பிஓஎம், அதாவது ஒரு பம்ப்புக்கு என்னென்ன பாகம் எத்தனைங்கற பட்டியல், அதுவே சொல்லிடும். இதத்தான் 1960கள்ல ஜோசப் ஆர்லிக்கி எம்ஆர்பின்னு (மெட்டீரியல் ரெக்கொயர்மென்ட்ஸ் பிளானிங், டப்பா மேல போடற விலை இல்ல) ஒரு முறையாவே கொண்டு வந்தாரு. தேவைல இருந்து கையிருப்பையும் ஏற்கனவே போட்டு வர வேண்டிய பிஓவையும் (பர்ச்சேஸ் ஆர்டர்) கழிச்சா மிச்சம் வாங்கணும், அது வந்து சேர எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாள் முன்னாடியே ஆர்டர் போடணும், அவ்ளோதான்.

லைன் நின்ன அந்த வாரம் 600 மோனோபிளாக் (மோட்டாரும் பம்ப்பும் ஒண்ணா இருக்கறது) செய்யணும், ஒண்ணுக்கு ரெண்டு பேரிங், ஆக 1,200. பேரிங் நம்பர் 6203, சிஸ்டத்துல அதோட ஸ்டாக் 900, வர வேண்டியது எதுவும் இல்ல, அதனால 300க்கு பிஓ போட்டேன், சரக்கும் நேரத்துக்கு வந்துடுச்சு. ஆனா 401ஆவது பம்ப்புல லைன் நின்னுச்சு. ஸ்டோர்ஸ்ல இருக்கற அண்ணன் போன் பண்ணி "தம்பி, கம்ப்யூட்டர விட்டுட்டு ரேக்குக்கு ஒருக்கா வந்துட்டுப் போங்க"ன்னாரு. போய் பாத்தா அந்த 900ல 400, ரெண்டு பக்கமும் இரும்புத் தகடு போட்ட இசட்இசட், எங்க பம்ப்புக்கு வேணுங்கறது ரப்பர் சீல் வச்ச 2ஆர்எஸ், தண்ணி பக்கத்துலயே ஓடற பேரிங்குக்கு தகடு தாங்காது. ரெண்டுக்கும் அளவு ஒண்ணுதான், உள்ள 17 எம்எம், வெளிய 40, அதனால யாரோ ரெண்டையும் ஒரே ஐட்டம் கோட்ல ஏத்திட்டாங்க. வைண்டிங் முடிஞ்ச 200 ஸ்டேட்டர், பாடி, இம்பெல்லர் எல்லாம் தயாரா கெடக்கு, அசெம்பிளி ஆளுங்க சும்மா உக்காந்திருக்காங்க, எனக்கு மனசே ஆறல. லோக்கல் டீலர்ட்ட 60தான் கெடச்சுது, மிச்சம் சென்னைல இருந்து வர ரெண்டு நாளாச்சு.

சாஃப்ட்வேர் மாத்தணும்னு மீட்டிங்ல பேசினாங்க, நான் ஒத்துக்கல. அது கழிச்சது சரிதான், நாம குடுத்த 900தான் பொய்.

இப்ப ரெண்டுக்கும் தனித்தனி கோட் போட்டாச்சு, தெனமும் காலைல 20 ஐட்டம் நானும் அந்த அண்ணனும் கையால எண்ணி சிஸ்டத்தோட ஒத்துப் பாக்கறோம். இன்னைக்கு மெக்கானிக்கல் சீல் ரேக், 12 எம்எம்மும் 16 எம்எம்மும் ஒரே டப்பாவுல கெடந்துச்சு, பிரிச்சு எண்ணி எழுதி வச்சுட்டுத்தான் சீட்டுக்கு வந்தேன்.