பிஎஃப்டி மல்டிஹாப்: குறைந்தபட்ச டிடிஎல் எவ்வளவு வைப்பது?

இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே ஒரு ஸ்விட்ச் இருந்துவிட்டால், மறுமுனை ரவுட்டர் செயலிழந்தாலும் நம் பக்கத்துப் போர்ட்டின் விளக்கு அணைவதில்லை. ரவுட்டர்கள் பாதைத் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறையான பிஜிபி, தன் ஹோல்டு டைம் (எதிர்முனையிடமிருந்து செய்தி வராமல் பொறுக்கும் நேரம்) தீரும் வரை காத்திருக்கும். பல கருவிகளில் அது 180 விநாடி. மறுமுனை உயிரோடிருக்கிறதா என்று சிறு பாக்கெட்டுகளால் இடைவிடாமல் சோதிக்கும் நெறிமுறையே பிஎஃப்டி. எஃப்ஆர்ஆர் என்ற ரவுட்டிங் மென்பொருளில் அதை இயல்பு மதிப்புகளுடன் இயக்கினால், 300 மில்லி விநாடிக்கு ஒன்றாக வர வேண்டிய பாக்கெட்டுகளில் தொடர்ந்து மூன்று வராதபோது, அதாவது ஒரு விநாடிக்குள்ளாகவே, பழுது தெரிந்துவிடும். இந்த நேர அளவுகளைப் பற்றி எல்லோரும் விவாதிக்கிறார்கள். அருகிலேயே இருக்கும் டிடிஎல் (பாக்கெட்டின் ஆயுள் எண்) அமைப்பைத்தான் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

1981-இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 791 டிடிஎல்லை விநாடிக் கணக்கில் வரையறுத்திருந்தாலும், நடைமுறையில் அது கடக்கும் ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைகிற எண்ணாகவே இருக்கிறது. அதன் உச்ச மதிப்பு 255. நேரடி இணைப்புக்கான பிஎஃப்டியை விவரிக்கும் ஆர்எஃப்சி 5881, பாக்கெட்டை 255 என்று அனுப்பச் சொல்கிறது. அங்கீகாரச் சோதனை இல்லாதபோது, 255 ஆக வந்து சேராததைத் தள்ளிவிடவும் சொல்கிறது. தொலைவிலிருந்து போலிப் பாக்கெட் அனுப்புபவர் எந்த எண்ணில் தொடங்கினாலும், வழியில் ஒரு ரவுட்டரைக் கடந்தாலே 255 என்ற மதிப்பைக் காப்பாற்ற முடியாது. எளிமையான, ஆனால் கெட்டிக்காரத்தனமான காவல் இது.

மல்டிஹாப்பில், அதாவது இரு முனைகளுக்கும் நடுவே ரவுட்டர்கள் இருக்கும்போது, இந்தக் கண்டிப்பு செல்லாது. அங்கே பாக்கெட்டுகள் நேரடி இணைப்புக்கான 3784-க்குப் பதிலாக யுடிபி 4784 என்ற போர்ட் எண்ணுக்கு வரும். எஃப்ஆர்ஆர் 'மினிமம்-டிடிஎல்' மதிப்பை (இதற்குக் கீழே வருவதைத் தள்ளிவிடும் வரம்பு) இயல்பாக 254 என்று வைத்துக்கொள்ளும், அதாவது நடுவில் ஒரே ரவுட்டர் இருப்பதாகக் கொள்ளும். லூப்பேக் முகவரிகளுக்கிடையே (எந்த ஒரு போர்ட்டையும் சாராத, ரவுட்டரின் சொந்த முகவரிகள்) அமைத்த பிஎஃப்டி செஷன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதன்மைப் பாதையில் ஒரு ரவுட்டர்தான் என்பதால் எல்லாம் சரியாக இயங்கும். அந்தப் பாதை அறுந்து, நெட்வொர்க்குக்குள் பாதைகளைக் கணக்கிடும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப் மூன்று ரவுட்டர்கள் வழியான மாற்றுப் பாதைக்குத் திருப்பியதும், பாக்கெட்டுகள் 252 என்ற மதிப்போடு வந்து சத்தமில்லாமல் தள்ளப்படும். பிங் போகும், லூப்பேக் எட்டும், ஆனால் மறுமுனை இறந்துவிட்டதாக பிஎஃப்டி சொல்லும். அதை நம்பி பிஜிபியும் செஷனை முறித்துக்கொள்ளும்.

இதற்குப் பயந்து சிலர் மதிப்பை 1 ஆக்கிவிடுகிறார்கள். அதற்குச் சோதனையே இல்லாமல் இருந்துவிடலாம். ஏற்கத்தக்க மாற்றுப் பாதைகளில் மிக நீளமானதில் உள்ள ரவுட்டர்களை எண்ணி, 255-இலிருந்து கழித்து வைப்பதே என் வழக்கம். போகும் பாதையும் வரும் பாதையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதால், ஒவ்வொரு முனையிலும் தன்னை நோக்கி வரும் பாதையையே எண்ண வேண்டும்.

டிடிஎல்லைத் திருத்திய பிறகும் நேர அளவுகள் காலை வாரிவிடலாம். உள் இணைப்பின் பழுதை ஓஎஸ்பிஎஃப் தன் 40 விநாடி டெட் இன்டர்வல் (அண்டை ரவுட்டரிடமிருந்து செய்தி வராமல் பொறுக்கும் நேரம்) மூலம்தான் அறியும் என்றால், 900 மில்லி விநாடியில் தீர்ப்புச் சொல்லும் மல்டிஹாப் செஷன் மாற்றுப் பாதை உருவாகும் முன்பே விழுந்துவிடும். ஆகவே உள் இணைப்புகளில் வேகமான பிஎஃப்டியையும், மல்டிஹாப்பில் அதைவிட நிதானமானதையும் வைக்கிறேன்.

சரிபார்க்க, பராமரிப்பு நேரத்தில் முதன்மை இணைப்பை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, யுடிபி 4784-ஐ, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் கருவியான டிசிபிடம்ப்பில் விரிவான காட்சியுடன் பார்த்தால் போதும். வந்து சேரும் டிடிஎல் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தெரியும்.