சித்தப்பா காலுக்கு 'கரண்டு வைத்த' கதை

தக்கலையில் சித்தப்பாவுக்குச் சாயக்கடை. இருபத்தெட்டு வருடமாக பாய்லர் முன்னால் நின்ற நிற்பு. முழங்காலுக்குக் கீழே மண்புழு மாதிரி நெளிந்து கிடந்த நரம்பு சுருட்டலை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துப் புண் வந்த பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப்போனோம். (நரம்பு என்று சொல்கிறோமே தவிர அது சிரை. உள்ளே இருக்கிற வால்வு பழுதானால் மேலே போகவேண்டிய இரத்தம் கீழேயே தேங்கிவிடும்.)

டாக்டர் 'ரேடியோ ஃப்ரீக்வென்சி அப்லேஷன்' என்றார். வெளியே வந்ததும் சித்தப்பா, "லே மக்கா, கேன்சருக்கு வைக்குற கரண்டாலே இது?" என்று கேட்டார்.

இல்லை. கேன்சருக்கு வைப்பது கதிர்வீச்சு. இது வெறும் சூடு, பழுதான சிரையைச் சுட்டு மூடிவிடுவதற்கு. இந்த மெஷினின் மின்சாரம் 500 கிலோஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கடையில் திருநெல்வேலி ஸ்டேஷன் பாடிக்கொண்டிருந்த பழைய ரேடியோவில் மீடியம் வேவ் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே. வீட்டுக் கரண்டு நொடிக்கு 100 தடவை திசை மாறுவதால் தசையை இழுத்து ஷாக் அடிக்கிறது, இவ்வளவு வேகமாக மாறினால் தசைக்கும் நிஜ நரம்புக்கும் அது உறைப்பதில்லை, சூடு மட்டும்தான் மிச்சம்.

கல்லீரல் கட்டிக்கும் இதே பெயரில்தான் செய்கிறார்கள், ஆனால் வேலை வேறு மாதிரி. அங்கே ஊசி முனையிலிருந்து தொடையில் ஒட்டிய பட்டைக்கு மின்சாரம் உடம்பு வழியாகப் போகிறது, முனையைச் சுற்றியுள்ள சதையே தன் தடையால் சூடாகிறது. 60 டிகிரி தாண்டினால் செல் உடனே வெந்துபோகும். அதற்காக 100-க்கு மேல் ஏற்றினால் சதை கருகி, கருகிய இடம் மின்சாரத்தை விடாது, வேலை பாதியில் நிற்கும். மெதுவாகக் காய்ச்சவேண்டிய பாலைப் பெருந்தீயில் வைத்தால் அடிப்பிடிக்கும் அல்லவா, அதே கதை.

சித்தப்பா காலில் போட்டதோ 7 சென்டிமீட்டர் நீள சூட்டுக்கம்பி உள்ள கத்தீட்டர், அதாவது மெல்லிய குழாய். இங்கே மின்சாரம் சதைக்குள் போவதில்லை, கம்பியின் சூடுதான் சிரையைச் சுடுகிறது. முழங்கால் பக்கம் ஒரு ஊசித்துளை, ஸ்கேன் பார்த்துக்கொண்டே தொடை மடிப்பு வரை ஏற்றி, 120 டிகிரியில் 20 நொடி, கொஞ்சம் கீழே இழுத்து மறுபடி 20 நொடி. மேல் துண்டுக்கு மட்டும் இரண்டு தடவை. அதற்கு முன்னால் சிரையைச் சுற்றி மரத்துப்போகும் மருந்து கலந்த உப்புநீரை நிறைய ஏற்றினார்கள், எனக்கு அதுதான் கெட்டிக்காரத்தனமாகப் பட்டது: வலியும் தெரியாது, தோலும் பொசுங்காது, சிரை கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சித்தப்பா கத்தியதும் அந்த ஊசிகளுக்குத்தான், சூட்டுக்கு இல்லை.

ஒரு வருத்தம். ஆஸ்பத்திரி போர்டில் 'லேசர்', பில்லில் ஆர்.எஃப்., அதாவது ரேடியோ ஃப்ரீக்வென்சி. லேசர் வேறு, இது வேறு, பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும் சொல்லிவிட்டுச் செய்யலாமே. பில்லில் பாதிக்கு மேல் அந்தக் கத்தீட்டர்தான், ஒருவருக்குப் போட்டால் தூக்கிப்போட வேண்டிய சாமான், அதனால் பாக்கெட்டை எங்கள் முன்னாலேயே பிரிக்கச் சொன்னேன். நர்ஸ் அக்கா முறைத்தார். சரி, முறைக்கட்டும்.

அன்று சாயங்காலமே நடந்து வீட்டுக்கு வந்தார். பகல் முழுக்கப் போடச் சொன்ன இறுக்கமான ஸ்டாக்கிங் மட்டும், நேற்று நான் போனபோது, பாய்லர் பக்கத்துக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.