காலை ஆறரை மணிக்கு இரையும் சர்வர்

நாகர்கோவில் ஆபீஸில் எங்களுக்கு மூன்று சர்வர். மூன்றையும் ஒரே சேமிப்பிடமாக இணைப்பது குளஸ்டர்எஃப்எஸ் (GlusterFS) என்ற மென்பொருள், ரெப்ளிகா 3, அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று சர்வரிலும் ஒரு பிரதி. உள்ளே ஸ்கேன் செய்த ஆவணங்கள், சின்னச் சின்ன ஃபைலாக லட்சக்கணக்கில்.

திங்கட்கிழமை காலை ஒரு ஃபைல் திறக்க ஒரு நிமிடம் ஆனது. எது எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையில் பார்த்தால், குளஸ்டரின் சர்வர் ப்ரோகிராமான குளஸ்டர்எஃப்எஸ்டி 600 சதவீதம். ஆறு கோர் அதற்கே போய்விட்டது. பராமரிப்பு ஒப்பந்தக்காரர் எதையும் கேட்காமலே "ரீபூட் பண்ணுங்க சார்" என்றார். நானும் செய்தேனே! ஒரு மெஷின் கீழே இருந்த நேரத்தில் எழுதப்பட்டதெல்லாம் ஹீல் வரிசையில், அதாவது அந்த மெஷினில் பின்னர் சரிசெய்ய வேண்டியவற்றின் பட்டியலில், சேர்ந்தது. அது மேலே வந்ததும் செல்ஃப் ஹீல் தொடங்கியது, பழைய சுமையோடு இதுவும். ரீபூட்டுக்கு முன் அந்தப் பட்டியலைக் காட்டும் 'ஹீல் இன்ஃபோ' பார்த்திருந்தேன், பூஜ்யம். அதாவது கோளாறு ஹீலில் இல்லை என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து "ரேம் போதாது, ஆள் வருவார், நேரில் இருங்க" என்றார்கள். புதன்கிழமை விடியற்காலையிலேயே மார்த்தாண்டத்திலிருந்து கொட்டும் மழையில் பஸ் பிடித்துப் போனேன். மாலை வரை யாரும் வரவில்லை. ஆனால் அன்று வாட்ச்மேன் அண்ணாச்சி சொன்ன ஒரு வார்த்தைக்குப் பஸ் கூலி தகும்: "டெய்லி காலம்பற ஆறரைக்கு இது தறி மாதிரி இரையத் தொடங்கும் சாரே."

ஆறரையா? பழைய உபுண்டுவில் தினசரி கிரான் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகள்) ஓடுவது 6:25-க்கு. அதில் அப்டேட்டிபியும் உண்டு, ஃபைல் தேடும் லொகேட் கட்டளைக்குப் பட்டியல் எடுப்பது. இந்தச் சேமிப்பிடத்தைப் பயன்படுத்தும் எங்கள் நான்கு கிளையன்ட் மெஷினும் ஒரே நிமிடத்தில் தொடங்கி, மவுண்ட் (அவற்றில் இது தெரியும் டைரக்டரி) முழுவதையும் துழாவியிருக்கின்றன. எந்த வேலை எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணும் வால்யூம் ப்ரொஃபைலை ஓடவிட்டு மறுநாள் காலை பார்த்தேன். ரீட், ரைட் சொற்பம். லுக்அப், அதாவது ஃபைல் இருக்கிறதா என்ற விசாரிப்பு, மலை மாதிரி.

அப்டேட்டிபி கான்ஃப் ஃபைலில் ப்ரூன்எஃப்எஸ் (தவிர்க்க வேண்டிய ஃபைல் சிஸ்டம் வகைகள்) வரியில் 'ஃபியூஸ் புள்ளி குளஸ்டர்எஃப்எஸ்' (fuse.glusterfs) சேர்த்தேன். புதிய பதிப்புகளில் இது ஏற்கெனவே இருக்கும், எங்களதில் இல்லை. சர்வர்களில் பிரிக் (ஃபைல்கள் உண்மையில் கிடக்கும் இடம்) இருக்கும் டைரக்டரியையும் ப்ரூன்பாத்ஸ் (தவிர்க்க வேண்டிய டைரக்டரிகள்) வரியில் போடுங்கள். பிரிக் சாதாரண எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் என்பதால் முந்தைய வரி அதைத் தடுக்காது. உள்ளே ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஹார்ட் லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) வேறு கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை ஆறே முக்காலுக்கு அண்ணாச்சியே போன் செய்தார். "சாரே, மெஷின் ஓடுதா? சத்தத்தையே காணலியே."

ஓடியது. ப்ரொஃபைலும்தான், நிறுத்த மறந்து மேலும் இரண்டு நாள் விட்டுவிட்டேன்.